ஏழாம் நம்பர் சட்டைக்காரி

என் தங்கை ரூபி மைதானத்தில் அசைவில்லாமல் கிடந்ததை நான் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. ஒரகடம் சாலையில் அன்று அதைப் பார்த்த வளைவு வந்தால் இப்போதும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது.

அப்போது நாங்கள் இருவரும் மண்ணூரில் ஒரே வாடகை அறையில் இருந்தோம். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். நான் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அவள் கல்லூரி மாணவி, கால்பந்து கோல்கீப்பர். லைனில் போட்டுத் தேய்ந்த என் கையுறைகள்தான் அவளுடைய முதல் கிளவுஸ். ஷிப்ட் முடிந்து வந்து பின்னாலிருந்த காலி மனையில் நான் பந்து அடிப்பேன். மண்ணில் புரண்டு பிடித்துவிட்டு, "என்னக்கா, மதியம் சாப்பிடலையா? பலமா அடி" என்பாள். என்ன நாட்கள் அவை.

அந்த மழைக்காலத்தில் அவளை இந்திய அணிக்கு எடுத்தார்கள். பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆடும் பெண்கள் போட்டி, நேபாளத்தில். முதல் ஆட்டம் இலங்கையோடு. முதல் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி, ஒரே கைப்பேசியை எட்டுப் பேர் பார்த்தோம்.

"உன் தங்கச்சி நின்னுக்கினே தூங்குது பாரு. பந்தே வரல" என்றாள் லைனில் என் பக்கத்தில் நிற்கும் கல்பனா.

உடனே பந்து வந்தது. ரூபி பாய்ந்தாள். இலங்கையின் ஏழாம் நம்பர் பெண்ணுடைய முழங்கால் அவள் தலையில் மோதியது. ஸ்ட்ரெச்சர் வந்தது. அதோடு படம் நின்றுவிட்டது.

"அதுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கல்பனா திட்டினாள். நான் அதைவிட மோசம். அந்த ஏழாம் நம்பர் பெண்ணின் கால் ஒடியட்டும் என்று நினைத்தேன்.

பயிற்சியாளருக்கு அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அறைக்கு வந்து முழங்காலிட்டேன். பயந்தால் ரூபிக்குப் படித்த ஆங்கிலமெல்லாம் மறந்துவிடும். அவள் அணியில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. "ஆண்டவரே, அவ கண்ணு முழிக்கும்போது தமிழ்ல பேச யாராவது பக்கத்துல இருக்கணும்." இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். நேபாளத்தில் தமிழுக்கு எங்கே போவது என்று மனம் கேலி செய்தது. அழுதுகொண்டே கேட்டேன்.

ஐந்தரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. நான் ரூபியோடதான் நிக்கிறன். முழிச்சிட்டா. ஸ்கேன்ல ஒண்டும் இல்லையாம், ரெண்டு தையல்தான்."

"நீங்க யாரும்மா?"

"நான்தான் வந்து மோதினது. ஏழாம் நம்பர். என்ர பேர் டிலக்சி. ஸ்ட்ரெச்சரில கிடந்து அவ 'அக்கா, அக்கா' எண்டு கேட்டவ, இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அதான் ஆட்டத்தை விட்டிட்டுக் கூட வந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

பிறகு ரூபியின் குரல், பலவீனமாக: "பந்து உள்ள போச்சாக்கா?"

"போகலட்டி."

ரூபி மறுபடி ஆடினாள். இப்போது வேறு ஊர் அணியில் இருக்கிறாள். எங்கள் காலி மனையில் ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். தேய்ந்த கையுறைகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. என் ஜெபம் மாறிவிட்டது. டிலக்சியின் பெயரைச் சொல்லாமல் நான் ஆமென் சொல்வதில்லை. கோபத்தில் சபித்த ஒருத்தியையே ஆண்டவர் எனக்குப் பதிலாக அனுப்பினார்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, யார்மேல் கோபமாக இருக்கிறீர்களோ, அவர் அழைத்தால் எடுங்கள்.