ஒரு நிமிசம் பொறுங்கக்கா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் பாதியில் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன், கோபப்படவும் தெம்பு இல்லை. இதை நான்கைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருத்தர் வெயில் என்றார், ஒருத்தர் பித்தம் என்றார், என் சம்சாரம் நெற்றி நிறைய திருநீறு பூசிவிட்டாள். உங்கள் பங்குக்கு நீங்களும் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்து வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாம் பழைய வீடுகள். அதில் பதினாறு கால் வீடு என்று ஒன்று, முற்றத்தைச் சுற்றிப் பதினாறு மரத்தூண், ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற கனம். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராணி அழுகிற கதையாம், அரண்மனை போடுவதற்கு இது தோது என்று சாமான்களோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்த முதல் நாள் சந்தே திருவிழா மாதிரி இருந்தது. மூன்றாம் நாளே எல்லோருக்கும் அலுத்துவிட்டது. காரணம் சத்தம். நடிக்கும்போதே பேச்சையும் பிடித்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு வண்டி சந்து முனையில் நிற்கும், அதற்குள் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் ஒரு உரல் இடித்தால் போச்சு, ஒரு கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் போச்சு. முதல் விசில் ஊதினால் சந்து மூச்சு விடக் கூடாது. இரண்டாவது விசில் ஊதினால்தான் அம்மியில் கை வைக்கலாம்.

வீடு வீடாகப் போய்ச் சத்தத்தை அடக்குகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சந்தில் எல்லோருக்கும் தெரிந்தவன் என்று என் தலையில் கட்டினார்கள். பதினோரு நாள். கப்பிக்கெல்லாம் விளக்கெண்ணெய் போட்டேன், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினேன். "எம்புட்டு நாளைக்குடா எங்கள ஊமையாக்கி வச்சிருப்ப?" என்று பெண்கள் ஏசினார்கள். அதையும் சத்தமில்லாமல்தான் ஏசச் சொன்னேன்.

அடக்க முடியாத சத்தம் ஒன்றே ஒன்று. பதினாறு கால் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருந்த சுப்பையா அண்ணனின் இருமல். பஞ்சு மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், பஞ்சு நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. பாவம், முதல் விசில் கேட்டதும் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொள்வார், கண் பிதுங்கும். அவர் சம்சாரம் சௌந்தரம் அக்கா முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பார். பிள்ளை குட்டி கிடையாது, அவருக்கு இவர், இவருக்கு அவர். "சீக்கிரம் முடிச்சிருவாகளா தம்பி? அவரால முடியல" என்பார். "இன்னைக்கோட சரிக்கா" என்பேன். பதினோரு நாளும் அதையேதான் சொன்னேன்.

கடைசி நாள் மத்தியானம் மூன்றரை இருக்கும். ராணி அழுகிற இடம் மட்டும் பாக்கி. பத்துத் தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. நடித்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, நான்தான் மிளகு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிலிம் கிடைக்காத காலம், கையில் இருந்ததே கடைசிச் சுருள். முற்றத்தில் வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவை எவனாவது இருமினான், தொலைச்சுப்புடுவேன்" என்று டைரக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

எதிர் வீட்டுக்கு ஓடினேன். இருமல் சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி நினைத்த மனசை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அண்ணன் தலை அக்கா மடியில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அக்கா அவர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தார். சரியாக அதே நேரத்தில் முதல் விசில்.

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, ஒரு நிமிசம். ஒரு நிமிசம் பொறுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் மனிதனா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதினோரு நாளாக வீடு வீடாகப் போய் 'ஒரு நிமிசம் பொறுங்க' என்றே சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிப்போயிருந்தது. அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார், அண்ணன் துண்டை வைப்பது போலவே.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாவது விசில் வரவில்லை. ஒரு மேகம் வெயிலை மறைத்துவிட்டதாம், அது விலகட்டும் என்று டைரக்டர் எல்லோரையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்கு என்ன தெரியும்? கால் மணி நேரம் கும்பிட்ட கையோடு நின்றேன். அக்கா கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் ஒரு முனகல்கூட எழவில்லை, நான் அங்கேயேதான் நின்றேன்.

இரண்டாவது விசில் வந்தது. "இப்ப அழுங்கக்கா" என்றேன். முந்தானையை எடுத்தார், வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பிறகு நான் போய்ச் சொல்லித்தான் சந்துக்கே சாவு தெரிந்தது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள், அக்கா மட்டும் அழவில்லை. மறுநாள் அண்ணனை எடுக்கும்போதும் அழவில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று என் காதுபடவே பேசினார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் செத்த அன்று சாயங்காலமே, கம்பெனிக்காரர்கள் சாமான் ஏற்றும்போது வண்டிக்குள் இருந்த ஆள் டைரக்டரிடம், "என்னமா அழுதிருக்காங்க சார், கேக்கவே முடியல, கருவியக் கழட்டிட்டேன்" என்றார். டைரக்டருக்குப் பெருமை. அந்த நடிகை அம்மா மட்டும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்த குரலில் சொன்னார்: "நான் எங்க அழுதேன்? சத்தமே வரல, வெறும் வாயத்தான அசைச்சேன்." யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் படம் மதுரைக்கு வந்தது. மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். பதினாறு தூணும் தெரிந்தன, ராணி வாயைத் திறந்தாள். அது சௌந்தரம் அக்கா குரல். "சங்கு ஊதிருச்சே ராசா, மில்லுக்குப் போக எந்திரிக்கலையா" என்று கேட்டது. ராணிக்கு ஏது மில், ஏது சங்கு? பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "என்னண்ணே சொல்லி அழுகுது?" என்றேன். "சும்மா அழுகுதுப்பா, பேசாமப் பாரு" என்றார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் பெண்கள் பக்கத்து வாசலில் அக்கா நிற்கிறார், வெள்ளைச் சேலையோடு. நான்கு நாளாகத் தினம் வருகிறாராம். தாலி அறுத்தவள் சினிமாவுக்குப் போகிறாள் என்று சந்தே சிரித்துக்கொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

"அக்கா, அது..." என்றேன்.

"ஏந்தான் தம்பி. பின்ன யாரு?" என்றார். ஒரு கோபம் இல்லை, ரொம்பத் தூரம் நடந்து வந்தவர் மாதிரி களைப்பாகப் பேசினார். "ஆனா பாதியில நிப்பாட்டிட்டாகளே. மிச்சத்த எங்க வச்சிருக்காக? அது இருந்தாத்தான எனக்கு அழுக முடியும்?"

விலாசம் விசாரித்துப் படக் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். வேண்டாத துண்டுகளை வெட்டிக் கூடையில் போட்டு எரித்துவிடுவோம் என்று பதில் வந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. படம் மதுரையை விட்டுப் போனது. கொட்டாம்பட்டியில் டூரிங் கொட்டகையில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு அக்கா அங்கேயும் பஸ் ஏறிப் போய் வந்தார். அங்கேயும் பாதிதான். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கேயும் ஓடவில்லை.

இது நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. யுத்தமும் முடிந்துவிட்டது. பதினாறு கால் வீட்டுக்கு இப்போது வேறு கம்பெனிகள் வருகின்றன, நான் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் ஒரு நாள் மூன்றரை மணிக்கு எங்கள் சந்துக்கு வந்து பாருங்கள். முற்றத்தில் வெயில் இறங்குகிற நேரத்தில் உரல் தானாக நிற்கும், கப்பி நிற்கும், பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த வாயை மூடிக்கொள்ளும். புதிதாகக் குடிவந்தவர்கள்கூட, ஏன் நிறுத்தினோம் என்று தெரியாமல், உலக்கையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். யாரும் விசில் ஊதுவதில்லை.

அப்போது சௌந்தரம் அக்கா வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்ப்பார். முந்தானையை வாயிலிருந்து எடுப்பார். "அழுங்கக்கா" என்று சொல்வேன். தினமும் சொல்கிறேன், நேற்றும் சொன்னேன். வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது.