ஸ்விட்சில் தொங்கிய கார்டு

நான் கம்ப்யூட்டர் கட்டியது ஆசையால் அல்ல, பயத்தால். விடியுமுன் எங்கள் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் ஆபீசுக்குப் போய் இரவு திரும்பினால், என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, மதியத்துக்கு வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். இரவில் எனக்கெதிரே உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஆள் இளைத்துக்கொண்டே போனார். கோலாரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் சுரங்கத் தூசி இருக்கிறது என்றார். அது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. பசிக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நைனா டானிக்கை ஒழுங்காகக் குடித்தார், சோற்றைத் தொடவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலில் நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மனிதர் ஒருநாள் இல்லாமலே போய்விடுவார் என்று தோன்றியது.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். எங்கள் வேலை இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்த்துப் பதிவது. எங்கே உட்கார்ந்து பதிந்தாலும் அந்தக் காகிதங்களுக்குத் தெரியப்போவதில்லை.

"உங்க ஊர்ல கரண்ட் இருக்குமா?" என்றார்.

"அப்பப்ப வரும்" என்றேன்.

ஒருநாள் முழு ஷிஃப்டும் நெட் அறுபடாமல் வேலை செய்துகாட்டினால் பார்க்கலாம் என்றார்.

என்னிடம் ஒரு லேப்டாப் இருந்தது. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் தகரக் கூரைச் சூட்டில் அதன் பேட்டரி உப்பி, கீபோர்டு கர்ப்பிணி வயிறாகிவிட்டது. பழைய டெஸ்க்டாப்போ இன்வெர்ட்டரை ஒரே மூச்சில் குடித்துவிடும் ரகம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர்தான் ப்ராசஸர் போர்டிலேயே பற்றவைத்து வரும் சின்ன மதர்போர்டை எடுத்துக் காட்டினார். கரண்ட் மிகக் குறைவாக இழுக்கும், ஃபேன் தேவையில்லை, அடாப்டரிலேயே ஓடும் என்றார். "ஒண்ணுதான் மேடம், ப்ராசஸரைத் தனியா கழட்டி வேற மாத்த முடியாது" என்று எச்சரித்தார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், லைன் வீட்டிலிருந்து கழற்ற முடியாமல். அதனால் யோசிக்காமல் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் துண்டு விரித்து எல்லாவற்றையும் மாட்டினேன். ராமை அழுத்தும்போது உடைந்துவிடும் போலச் சத்தம் வந்தது, உடையவில்லை. எல்லாம் டிபன் டப்பா அளவுள்ள பெட்டிக்குள் அடங்கியது. ஸ்விட்சைப் போட்டதும் நைனா குனிந்து காது வைத்துக் கேட்டார்.

"ஓடுதா இது?"

"ஓடுது நைனா."

"சத்தமே இல்லியேமா. அப்ப செத்தா எப்டி தெரியும்?"

நல்ல கேள்விதான். பதில் ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது.

அதற்குள் ஒரு சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி வைத்தேன். நைனா சுரங்கத்தில் பம்ப் பார்த்த எலக்ட்ரீஷியன். கரண்ட் போனால் டார்ச்சோடு எழுந்து வீட்டின் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு உட்காருவார். திரும்ப வரும்போது எது தானாக ஓடும், அதில் யார் கை இருக்கும் என்று தெரியாதாம். எனக்கும் அது பழகிய காட்சிதான். செத்த ஸ்விட்சை அணைத்தால் யாருக்கு நஷ்டம்? இன்வெர்ட்டர் வந்தபின் அது சாகாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

சோதனை நாளில் பதினோரு மணிவாக்கில் கரண்ட் போனது. டப்பா அசையவில்லை. கர்வமாக அடுத்த காகிதத்தைத் திறந்தேன். நைனா வந்தார். லைட்டை அணைத்தார், ஃபேனை அணைத்தார், புத்தர் படத்துக்கு முன்னால் எரிந்த சின்ன பல்பை அணைத்தார், கடைசியில் டப்பாவோடு என்னையும் அணைத்தார்.

"இன்னா நைனா பண்ணீங்க!"

"கரண்ட் போச்சு இல்ல?"

ஆத்திரத்தில் நான் கத்தியது ஆண்டர்சன்பேட்டை வரை கேட்டிருக்கும். மேனேஜரிடம் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினேன். ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டினேன். அடுத்த தடவை கரண்ட் போனபோது அவர் டேப்பைப் பொறுமையாக உரித்து, உருட்டி, என்னிடமே கொடுத்துவிட்டு அணைத்தார்.

கடைசியில் கேட்டேன்: "சுரங்கத்துல கீழ ஓடற பம்ப்ப நிறுத்தக்கூடாதுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஆள் கீழ கீறான்னா அவன் நம்பர் போட்ட டோக்கன் ஸ்விட்ச்ல தொங்கும். அவன் மேல வந்து கயட்டற வரைக்கும் எவனும் தொடமாட்டான்" என்றார், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

என்னிடம் டோக்கன் இல்லை. ஆபீஸ் ஐடி கார்டு இருந்தது. அதைக் கயிற்றோடு ஸ்விட்சில் மாட்டினேன்.

இரண்டாவது சோதனையன்று கரண்ட் இரண்டு தடவை போனது. நைனா வீடு முழுக்க அணைத்துக்கொண்டு வந்து, கார்டில் டார்ச் அடித்து என் போட்டோவையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போனார். மாலையில் மேனேஜர் சரி என்றார். வாரத்தில் ஒருநாள் மட்டும் ஆபீஸ் வந்தால் போதுமாம். சந்தோஷத்தில் போட்டது போட்டபடி விட்டு, கறி வாங்க ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது நைனா ஸ்விட்ச்போர்டைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதியச் சோறு மூடியபடியே இருந்தது.

"மேல வந்துட்டியா?" என்றார்.

"கடைக்குப் போயிருந்தேன். நீங்க ஏன் இன்னும் சாப்பிடல?"

"கார்டு தொங்குதே. ஆள் கீழ கீறப்ப எப்டிமா துன்றது?"

"நான் பெங்களூர் போனப்ப கார்டு எதுவும் தொங்கலியே நைனா."

"பெங்களூரும் கீழதான்" என்றார்.

கார்டைக் கழற்றினேன். உடனே எழுந்து கை கழுவினார். ஆறிப்போன சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். அலமாரியில் இருந்த டானிக் பாட்டிலை முறைத்துப் பார்த்தேன்.

இப்போது தினமும் மதியம் கார்டைக் கழற்றிவிட்டு, "மேல வந்துட்டேன் நைனா" என்று சமையலறையில் போய்ச் சொல்கிறேன். அவர் சாப்பிட உட்காருகிறார். அந்த நேரத்தில் கரண்ட் போனால், எச்சில் கையோடு எழுந்துபோய் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வருகிறார். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் சாகிறது. நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடுகிறேன்.