அத்தையின் கல்யாணக் காருக்குப் புது ரேடியேட்டர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் காருக்குள் ஹீட்டர் வைத்திருந்த ஒரே மனிதர் என் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் லூனாஸில் விடியற்காலையிலேயே மின்விசிறி வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் அவர் சூடான காற்று வீசும் ஒரு கருவியைக் காரில் சுமந்துகொண்டு திரிந்தார். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அவருடைய கார் இரண்டு கார்களைச் சேர்த்துச் செய்தது. உடம்பு உள்ளூர்த் தயாரிப்பு, கதவு இரண்டுதான். எஞ்சினும் டாஷ்போர்டும் ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய வேறொரு காரிலிருந்து வந்தவை. அந்தப் பாதியோடு ஹீட்டரும் வந்தது. வந்ததை எதற்குத் தூக்கிப் போடுவது என்று அதையும் மாட்டிவிட்டார். உள்ளே இட்லி அவிக்கவா என்று கேட்காத ஆள் எங்கள் தாமான் குடியிருப்பில் இல்லை.

அந்தக் காருக்கு வேகமாகப் போகத் தெரியும், மெதுவாகப் போகத்தான் தெரியாது. நெடுஞ்சாலையில் குருண் வரை சீறிக்கொண்டு போய்த் திரும்பி வரும், சூடு காட்டும் முள் இருந்த இடத்தை விட்டு அசையாது. லூனாஸ் சந்தை வாசலில் நாலு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போதும், முள் விறுவிறுவென்று ஏறும். பானெட் இடுக்கில் ஆவி வரும். சித்தப்பா இறங்கிப் பாட்டில் தண்ணீரோடு நிற்பார். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நின்றால் அந்தக் காற்று இல்லை, அவ்வளவுதான் என்பார் அவர். ஓட்டுகிறவனைப் போலவே அதற்கும் ஓர் இடத்தில் நிற்கப் பொறுமை இல்லை என்பாள் அம்மா.

அப்பாவுக்கு அந்தக் கார் ஆகாது. உண்மையில் ஆகாதவர் சித்தப்பாதான். அப்பா கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மேலதிகாரியிடம் பல்லைக் காட்டி, தம்பிக்கு அங்கேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சித்தப்பா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அதை விட்டுவிட்டுக் கார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். அப்பாவின் முகத்தில் கரி பூசியாகிவிட்டது. சித்தப்பா பட்டறைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டி வந்தால் நடுவில் நான் இருந்தேன். பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், சொன்னதைச் சொன்னபடியே போய்ச் சொல்வேன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை அவர்கள் இருவருக்கும் தங்கை. மாப்பிள்ளை வீடு செர்டாங்கில். அப்பா எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக எடுத்துக்கட்டிச் செய்தார். சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும், "வரட்டும், சாப்பிடட்டும், போகட்டும். அண்ணன்காரன்னு முன்னால வந்து நிக்க வேணாம்," என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளை, மண்டபம், சேலை நிறம், எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிய அத்தை, இரண்டு நாள் கழித்துச் சோறு பரிமாறும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் சின்னண்ணன் கார்லதான் கோயிலுக்குப் போவேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "உறுமி மேளத்துக்குப் பின்னால ஊர்ந்துகிட்டே போவணும். அவனோட கெரேத்தா ரோட்டு ஜாம்ல அஞ்சு நிமிஷம் நிக்காது. நடுரோட்ல கொதிச்சு நின்னா மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி நான் தலைய எங்க கொண்டு போயி வைக்கிறது?"

"கொதிக்காது. சின்னண்ணன் சரி பண்ணிடுவாரு. நம்ம வீட்டு வாசல்லயே வச்சுப் பண்ணச் சொல்லியிருக்கேன்."

பட்டறை இருக்க, வீட்டு வாசல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் ஒருமுறை கொதித்தாலும் வாடகைக் கார்தான் என்று அப்பா சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். அத்தைக்கு அந்தக் கார் அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வந்தார். வாசலில் நின்ற ரம்புத்தான் மரத்தடியில் காரை நிறுத்தி, முன்பக்கத்தைக் கழற்றி வைத்தார். பழைய ரேடியேட்டர் ஒல்லியாக, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. இத்தனை நாள் குழாய்த் தண்ணீரை ஊற்றிய பலன் என்றார். புதியது முழுக்க அலுமினியம், பளபளவென்று, பழையதைப்போல இரண்டு மடங்கு தடிமன். முன்பக்கம் கொஞ்சம் வெட்டினால்தான் அது உட்காரும். வெட்டினார். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறியை எடுத்துவிட்டு, தனித்தனியாக மின்சாரத்தில் ஓடும் இரண்டு விசிறிகளை வைத்தார். கார் நின்றாலும் அவை நிற்காது. இன்னும் சீக்கிரமாகத் திறக்கும் தெர்மோஸ்டாட், நீல நிறத்தில் தடித்த ரப்பர் குழாய்கள், எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரலை விட்டு விட்டு இடைவெளி பார்த்தார். காற்று போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, அது அடைபட்டால் இத்தனையும் வெறும் அலங்காரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பா ஐந்தடி தள்ளி நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிமிந்துத் தரையில எண்ணெய சிந்த வேணாம்னு சொல்லு."

"எண்ணெய் இல்ல, தண்ணினு சொல்லு."

இரண்டையும் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது ஏற்கெனவே கேட்டிருந்தது.

சாயங்காலம் முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தினார். பச்சை நிறக் கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே எங்காவது காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் சுடுதண்ணீர் சுற்றாதாம். என்னை உள்ளே உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொல்லி, ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டார். எஞ்சினின் சுடுதண்ணீர் அதன் வழியாகவும் போய் வர வேண்டும், அப்போதுதான் குமிழி முழுதாக வெளியேறும். என் முகத்தில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று அடித்தது. வெளியே அவர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க, மூடி வாயில் குமிழி வந்து வெடித்தது. அது நிற்கும் வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மூடியை இறுக்கினார்.

கார் நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடியது. விசிறிகள் தாமாகவே சுற்றின, தாமாகவே நின்றன. அத்தை இரண்டு கோப்பையில் தேநீர் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே முக்காலியில், இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

"முள் எங்க நிக்குதுனு கேளு," என்றார் அப்பா.

"பாதியிலன்னு சொல்லு."

அப்பா செய்தித்தாளை மடித்தார். அன்றைக்கு அந்தத் தாளில் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

கல்யாணத்தன்று காலை சித்தப்பா காரைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு, வேட்டி கட்ட உள்ளே போனார். அந்த நேரத்தில்தான் பூக்காரர் வந்தார். அப்பா காரை முன்பக்கமிருந்து ஒருமுறை பார்த்தார். வெட்டிய இடத்தில் புது ரேடியேட்டர் அகலமாக மின்னிக்கொண்டிருந்தது. "என்னலா இது, பல்ல இளிச்சிக்கிட்டு நிக்குது," என்றார். கல்யாணக் கார் கல்யாணக் கார் மாதிரி இருக்க வேண்டாமா? முன்பக்கம் முழுவதையும் பூவால் மூடச் சொன்னார். பூக்காரர் தயங்கினார், அவ்வளவு பூவைக் கட்டத் தட்டி கொண்டுவரவில்லை என்றார். அப்பாவே கொல்லைப்பக்கம் போய் வாழைமட்டை வெட்டி வந்து, பட்டுச் சட்டையில் கறைபடாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மட்டையை வரிசையாக வைத்துக் கட்டினார். அதன்மேல் செவ்வந்தியும் மல்லிகையும் நெருக்கமாக ஏறின. விரல் நுழைய இடமில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சித்தப்பா வெளியே வந்து பார்த்தார். "யாரு கட்டுனது?"

"அப்பா. அவரே மட்ட வெட்டிக் கட்டுனாரு," என்றேன்.

அவர் குனிந்து பூவின் மேல் கை வைத்தார். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு விரல் இடைவெளிக்கு அத்தனை பாடுபட்ட மனிதர், ஓரத்தில் தொங்கிய நாரை உள்ளே செருகிவிட்டுப் போய்ச் சாவியை எடுத்தார்.

இரண்டு கதவுக் காரில் பட்டுச்சேலையோடு பின்னால் ஏற முடியாது என்பதால் மணப்பெண் முன்னால், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் நான். சந்திப்பிலிருந்து கோயில் வரைதான் ஊர்வலம். முன்னால் உறுமி மேளம், அதற்குப் பின் தட்டு ஏந்திய பெண்கள், அம்மாவும் அதில் ஒருத்தி. அவர்களுக்கும் காருக்கும் நடுவில் பன்னீர்ச் செம்போடு அப்பா. மேளக்காரப் பையன்கள் நாலடி நடந்தால் வட்டம் கட்டி நின்று அடித்தார்கள். வெயில் உச்சந்தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பாதித் தூரம்கூடப் போகவில்லை, முள் பாதியைத் தாண்டிவிட்டது. சித்தப்பா ஏர்கானை அணைத்தார். விசிறிகள் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தன, இழுப்பதற்கு அவற்றுக்குக் காற்று இல்லை. முள் இன்னும் ஏறியது. சித்தப்பாவின் கை ஹீட்டர் திருகுக்குப் போனது.

"கொஞ்சம் பொறுத்துக்க பாப்பா. எஞ்சின் சூட்ட உள்ள இழுக்கிறேன்," என்றார் அத்தையிடம்.

அடுப்பு வாய் திறந்தது. அத்தையின் நெற்றிப் பவுடர் கரைந்து கோடு கோடாக இறங்கியது. நான் கண்ணாடியை இறக்கக் கேட்டேன், பின்னால் இறங்கும் கண்ணாடி இல்லை.

"பூவ எடுக்கச் சொல்ல வேண்டியதுதானேண்ணே?" என்றாள் அத்தை.

"அண்ணன் கட்டுனது."

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எறங்கிப் போயி உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வா. சித்தப்பா கூப்பிடுறாருன்னு சொல்லு."

சித்தப்பா பிரேக்கை மிதித்தார். மேளம் மறுபடி வட்டம் கட்டி நின்றிருந்தது. நான் அத்தையின் மடியையும் சேலை மடிப்புகளையும் மிதித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். அப்பா பன்னீர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அது வெள்ளிச் செம்பு, என்னைத் தொடவே விடமாட்டார்கள்.

அப்பா சித்தப்பாவின் சன்னலில் குனிந்தார். "என்னடா?"

"காத்து போவலண்ணே."

அப்பா முன்னால் போய்ப் பார்த்தார். நடுரோட்டில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து எதிர்கொள்ள வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் கட்டிய பூவைத் தானே பிய்க்க ஆரம்பித்தார். செவ்வந்தி கொத்துக் கொத்தாகத் தாரில் விழுந்தது. மேளக்காரர்கள் இது ஏதோ சடங்கு என்று நினைத்து அடியைக் கூட்டினார்கள். பெண்கள் இரண்டு பேர் கீழே விழுந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"போதுமாடா?"

"கீழயும்ணே. பம்பர் பக்கம்."

வாழைமட்டையும் வந்தது. விசிறிகளின் சத்தம் மாறியது. நான் மறுபடி சேலையை மிதித்து உள்ளே ஏறும்போது முள் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஹீட்டரை அணைத்தார், கொஞ்சம் பொறுத்து ஏர்கானைப் போட்டார். கார் நகர்ந்தது. அப்பா முன்னால் போகவில்லை. சித்தப்பாவின் சன்னலை ஒட்டியே, கூரையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவ்வளவு சூடான தகரத்தில் எப்படிக் கை வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் வாசல் வரை அந்தக் கை எடுபடவே இல்லை.

கோயிலில் இறங்கியபோது அத்தையின் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. மை வழிந்திருந்தது. பிறந்த வீட்டை விட்டு வர மனமில்லாமல் பொண்ணு அழுகிறது என்று செர்டாங் பெண்கள் உருகினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. "அத்தை அழல. சித்தப்பா ஹீட்டர் போட்டுட்டாரு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், ஆமாம் என்று தலையாட்டினாள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு கல்யாணம் என்றால் இந்தக் கதையை என்னைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

தாலி கட்டும்போது மணவறையில் பெண்ணுக்குப் பின்னால் அண்ணன்மார் நிற்கும் இடத்தில் அப்பா நின்றார். பக்கத்தில் சித்தப்பாவும் நின்றார். அவரை யார் அழைத்தார்கள், எப்போது அழைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் அத்தை அந்தக் காரைக் கேட்டிருந்தாள் என்பது எனக்கு விளங்க வெகு காலம் பிடித்தது. இன்னொன்று, போன மாதம் என் சொந்தக் காருக்குக் கூலண்ட் மாற்றும்போதுதான் உறைத்தது. அத்தையின் ஈர முகத்துக்குக் காரணம் என்று நான் சொல்லிவரும் ஹீட்டர் பாதி வழியிலேயே அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு கோயில் வரை காருக்குள் ஏர்கான் சில்லென்று ஓடியது. பின்னால் எனக்குக் குளிரத் தொடங்கியிருந்தது.