வியாகுலம்மாள் வெட்டிய பெயர்

ராயபுரத்தில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்ட ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பீங்கானில் வெட்டச் சொல்லிப் பாருங்கள், பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நழுவுவார்கள். அறுபதுகளில் அதைத் துணிந்து செய்தவர், துறைமுகத் தொழிலாளி லூயிஸின் மனைவி வியாகுலம்மாள்.

மாதா கோவில் திருவிழா விருந்துக்கு இரவல் கொடுத்த பீங்கான் தட்டுகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவற்றில் பெயிண்டால் பெயர் எழுதியிருந்தார்கள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததில் எச்சிலோடு பெயரும் போயிற்று. எது யார் தட்டு என்று பெண்கள் குடுமிபிடிச் சண்டை போட்டார்கள். அழியாத பெயர் ஒன்றை வைத்தே தீருவது என்று வியாகுலம்மாள் அன்று பிடிவாதம் பிடித்தார்.

எத்தனை தட்டு உடைந்தது என்று கேட்டால் லூயிஸ் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். பாத்திரத்துக்குள் ஈர மணலை இறுக்கி அடைத்தால் அடி வாங்கினாலும் விரிசல் விடாது. உடைந்த அரத்தின் முனையைத் தீட்டி, சின்னச் சுத்தியால் புள்ளி புள்ளியாகத் தட்டினால் மேல் பளபளப்பு பெயர்ந்து சொரசொரப்பு தெரியும். துணிக்குச் சலவைக்காரர்கள் குறி போடும் சேங்கொட்டைச் சாற்றை அந்தப் புள்ளிகளில் ஏற்றிவிட்டால், கறுப்பு பிறகு போகாது. சாறு பட்டால் கை வெந்துவிடும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்வார். என்ன கை ஐயா அது! எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு நண்டு, நங்கூரம், விளக்கு என்று படமாகவே வெட்டிக் கொடுப்பார்.

காசிமேட்டு மங்கையின் ஊறுகாய் ஜாடியில் அவர் வெட்டிக் கொடுத்தது நண்டு. மீன்கூடை சுமந்து சேர்த்த காசில் அவள் வாங்கிய ஜாடி. எண்ணூர்த் தொழிற்சாலை வாசலில் ஊறுகாய் விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. அவள் புருஷன் எத்திராஜ் இன்னொருத்தியைக் கூட்டிவந்து, மங்கையைக் கட்டிய சேலையோடு வெளியே தள்ளினான். ஜாடியையும் தர மறுத்தான். வழக்கு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. பஞ்சாயத்து கூடுவதற்கு முதல் நாள், எத்திராஜ் ஜாடியைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு வியாகுலம்மாளிடம் வந்தான்.

“யக்கா, நண்டு புடிக்கிறவன் நானு. இது என் குறின்றேன், அவ தன்னுதுன்றா. பேஜாரா கீது. பக்கத்துல என் பேரை எழுத்துல வெட்டிக் குடு. எழுத்தைப் பாத்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

வியாகுலம்மாள் தான் வெட்டிய அந்த நண்டை ஒரு முறை தடவினார். பிறகு, “வச்சிட்டுப் போ நைனா” என்றார்.

மாலையில் வேலை முடிந்து வந்த லூயிஸ், ஜாடியில் இருந்ததைப் படித்துவிட்டு அரண்டு போனார். “இன்னாமே இது? அவன் கத்தி வச்சிக்கினு திரியறவன்மே!”

“திரியட்டும். பொய்க்குறி போட இந்தக் கைக்குத் தெரியாது.”

மறுநாள் எத்திராஜ் ஜாடியை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தான். அவன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். வாயெல்லாம் பல்லாகத் தூக்கிக்கொண்டு நேரே பஞ்சாயத்துக்கு நடந்தான். வியாகுலம்மாளும் பின்னாலேயே போனார். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை.

“படி பெரியவரே, நல்லா சத்தமா படி!” என்று எத்திராஜ் ஜாடியை நடுவில் வைத்தான். எதிரே மங்கை நின்றிருந்தாள்.

பஞ்சாயத்துப் பெரியவர் மாரியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “மங்கை” என்று படித்தார்.

எத்திராஜ் எச்சில் தொட்டுத் தேய்த்தான், லுங்கியால் தேய்த்தான், கடைசியில் கைநிறைய மணலை அள்ளித் தேய்த்தான். ஒரு புள்ளிகூட மங்கவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “ஜாடிய எடுத்துக்க மங்க” என்றார் பெரியவர்.

மங்கை எடுக்கவில்லை. ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த எழுத்துகளையே பார்த்தாள்.

“யக்கா, இதுவா என் பேரு?” என்றாள். “நான் பாத்ததே இல்லியே.”

வியாகுலம்மாள் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் முதல் புள்ளியின் மேல் வைத்தார்.