முதல் காட்சி: முகமூடி கொடுப்பது

மரியநாயகம் மருந்தடிக்கிற ஆள். இலங்கை மலையகத்தில், றொசல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருசமாக முதுகில் டாங்கியைச் சுமந்து, புல்லுக்கு மருந்தடித்தே கை நகமெல்லாம் கழன்று போனவர். கையுறையும் முகமூடியும் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "அடுத்த மாசம் வரும்" என்பார் தோட்டத்து உதவி மேனேஜரான சின்ன தொரை. எந்த வருசத்து அடுத்த மாசமோ, யார் கண்டது!

எண்பத்தாறில், மருந்தடிப்பது எப்படி என்று தொழிலாளருக்குக் காட்ட வீடியோப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்தார். எதை முதலில் காட்டுவது, எதைப் பிறகு காட்டுவது என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார். சின்ன தொரை ஒரு நாளாவது டாங்கியைத் தொட்டிருந்தால்தானே? "ஒனக்குத்தான் எழுத வருமே, நீயே எழுது" என்று மரியநாயகத்தின் தலையில் கட்டிவிட்டார்.

மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல், மகளின் கொப்பியில் காட்சி காட்சியாக எழுதினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது, மருந்தை அளந்து கலப்பது, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது. எல்லாவற்றுக்கும் முதலில், ஸ்டோர் வாசலில் சின்ன தொரை ஆளுக்கொரு கையுறையும் முகமூடியும் கொடுக்கிறார். வாங்குகிறவர் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறார்.

மனைவி இசபெல் சிரித்தாள். "எழுதிட்டா குடுத்துருவாங்களாக்கும்!"

"படம் புடிச்சிட்டா அப்புறம் இல்லேன்னு சொல்ல முடியுமாடி? நாலு பேரு பாக்கப் போறாங்க."

படம் பிடித்த அன்று கையுறையும் முகமூடியும் பெட்டி நிறைய வந்திறங்கின, புத்தம் புதுசாக. கூட மருந்தடிக்கும் சின்னராசா, கல்யாணமாகி ஆறு மாசமே ஆனவன், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, "மறுபடி மாப்பிள்ளையாயிட்டேண்ணே!" என்று கையை ஆட்டினான். மரியநாயகத்துக்குக் கண் கலங்கியது. எழுதியது எழுதியபடியே நடந்தது. சாயங்காலம் பெட்டி திரும்பக் கொழும்புக் காரில் ஏறியது. "படத்துக்குன்னு கொண்டாந்ததுப்பா" என்றார் சின்ன தொரை. கையெழுத்துப் புத்தகம் மட்டும் ஆபீசில் தங்கியது. பாவி மனுசன், அப்போதாவது அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

மறு வருசம் டாங்கிக் குழாய் வெடித்து, மருந்து சின்னராசாவின் முகத்திலும் வாயிலும் பீறியடித்தது. பத்து நாள் மூச்சுக்குப் போராடிச் செத்துப்போனான்.

விசாரணையில் சின்ன தொரை டீவியில் அந்தப் படத்தைப் போட்டார். டீவிக்குள் சின்னராசா உயிரோடு சிரித்தான். முகமூடி வாங்கினான், கையெழுத்து வைத்தான், கையை ஆட்டினான். அவன் பெண்சாதி லெட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நாங்க குடுத்தோம். போடாதது அவன் குத்தம்" என்ற சின்ன தொரை திரும்பினார். "இந்தக் காட்சிய எழுதுனதே நீதானே, மரியநாயகம்?"

"ஆமாங்க தொரை."

லெட்சுமி அவரைப் பார்த்தாள். "அண்ணே, இதெல்லாம் நெசமாவே குடுத்தாங்களா?"

"குடுக்கல தாயி. குடுத்த மாதிரி நான்தான் எழுதிக் குடுத்தேன்."

விசாரிக்க வந்த அதிகாரி அதற்குள் பேனாவை மூடிவிட்டார்.