கயிறு இல்லாத பத்துத் தாள்கள்

அஸ்மியாவின் கணவர் றுவைஸ் டெங்குக் காய்ச்சலில் காலமாகி அந்தத் திங்கட்கிழமை நூற்று ஆறாம் நாள். கணவரை இழந்த பெண் பிறைக் கணக்கில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கும் இத்தாக் காலத்தில் அவள் இருந்தாள்.

திருகோணமலை நகரில், உள்துறைமுகத்தை நோக்கிச் சரியும் ஓர் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு இருந்தது. கலியாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பது அப்பகுதி வழக்கமாதலால், அந்த வீட்டின் உறுதிப் பத்திரமும் அவள் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. இப்பொழுது அதன் முன்யன்னல்களுக்கு அவளுடைய தாய், உம்மா றுக்கியா, தடித்த திரை தைத்துப் போட்டிருந்தார். துறைமுகத்தில் கப்பல் ஊதும் ஓசை மட்டும் யாரையும் கேளாமல் உள்ளே வந்து போனது.

அஸ்மியா பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி. அந்த ஆண்டு அவள் ஒப்படைக்க வேண்டியவை நாற்பது தாள்கள். எல்லாம் உயிருள்ள பிராணிகளை நேரே பார்த்து வரைந்தவையாக இருத்தல் வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து வரைதல் ஆகாது. அவற்றுள் பத்துத் தாள்கள், மற்றத் தாள்களில் வராத, தன் விருப்பப்படி நடமாடும் ஒரே நாற்கால் பிராணியைப் பற்றியனவாக இருத்தல் வேண்டும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா என்ற கேள்வியை, அவள் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டிலேயே வீட்டார் பேசி முடித்திருந்தனர்: வரையலாம், ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கவிடக்கூடாது.

பூனை, கோழி, காகம், அடுப்படிக் குசினிச் சுவரின் பல்லி என்று முப்பது தாள்கள் முடிந்துவிட்டன. எஞ்சிய பத்தும் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சேராவிட்டால் அந்த ஆண்டை மீண்டும் படிக்க நேரிடும். மீண்டும் படிக்க வீட்டார் அனுப்புவார்களா என்பதுதான் அவளை உறங்கவிடாத கேள்வி. மூதூரிலிருந்த தாய்மாமன் கலீலுர் றஹ்மான், “இனிப் படிச்சு என்ன செய்யப்போறாய் புள்ள?” என்று ஒரு முறை கேட்டுவிட்டார்.

றுவைஸ் இருந்திருந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கோட்டையடியில் திரியும் மான்களுக்கு முன்னால் இறக்கிவிட்டிருப்பார். “மானுக்கு அஞ்சு கால் கீறி வச்சிரிக்கிறாய்” என்று பகிடியும் பண்ணியிருப்பார்.

அதே மூதூர் மாமாதான், மருமகள் கேட்டுவிட்டாள் என்பதற்காக, ஒரு பெட்டை ஆட்டை ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். உம்மா அதைப் பின்வளவு முருங்கையில் கட்டினார். அஸ்மியா இரண்டு நாளில் பத்துத் தாள்களையும் வரைந்து முடித்தாள். கயிறு கழுத்தின் கோட்டைக் குறுக்கே வெட்டியதால் கயிற்றை மட்டும் வரையாமல் விட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலை, தாள்களைத் தொலைபேசியில் படம்பிடித்து விரிவுரையாளர் பிரசாந்தினிக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

“அஸ்மியா, இந்த ஆடு கட்டியிருக்குதா?”

“கயிறு இல்லையே மிஸ்.”

“நீர் கயிறு கீறயில்லை எண்டு தெரியுது. ஆடு கயிறோடதான் நிக்குது. கழுத்தைப் பாரும், பின்னங்காலில பாரத்தைப் போட்டு இழுக்குது. பத்துத் தாளிலயும் அந்த ஒரு வட்டத்தை விட்டு வெளியில வரேல்லை.”

அஸ்மியா தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. இரண்டு நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணுக்குப் படாத கயிறு, அங்கே ஒவ்வொரு தாளிலும் இருந்தது.

“நடமாடுற பிராணி எண்டுதான் விதி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிறகு நான் எடுத்தாலும் பரீட்சைப் பகுதி எடுக்காது. ஒரு நாள் எண்டாலும் வெளியில வர ஏலாதா?”

“இத்தா மிஸ்.”

“தெரியும் அம்மா. தெரிஞ்சுதான் கேக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை அவள் ஆட்டை அவிழ்த்துவிட்டாள். ஆடு ஒரு கணம் நின்றது. பிறகு, தகரவேலியின் கிழிந்த மூலைக்குள் தலையை நுழைத்து, உடம்பையும் உருவிக்கொண்டு ஒழுங்கைக்குப் போய்விட்டது. அஸ்மியா வேலிவரை ஓடினாள். அதற்கு அப்பால் கால் வைக்க இயலவில்லை. இருபதடி தூரத்தில், எதிர்வீட்டுச் செவ்வரத்தையை ஆடு ஆற அமர மேய்ந்தது. அவள் தகரக் கிழிசலின் அருகே குந்தியிருந்து, பலகையை முழங்காலில் வைத்து வரையத் தொடங்கினாள்.

“ஆரது வேலிக்குள்ளால எட்டிப் பாக்கிறது?” எதிர்வீட்டுப் புஷ்பவதியின் குரல் கேட்டது. “ஐயோ, அஸ்மியாவே! பிள்ளை, நீர் உள்ள போம். ஆட்டை நான் துரத்திவிடுறன். என்ர பூமரத்தையும் விட்டுவைக்கயில்லை, மூதேசி!”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பின்னாலிருந்து உம்மா கையைப் பிடித்து எழுப்பினார்.

“ஒழுங்கையால ஆம்புளையள் போற நேரம். உனக்கென்ன விசரா?”

அன்று மாலை, அஸ்மியாவின் தமையன் நஸ்ரி தமக்குத் தெரிந்த ஒரு மௌலவியிடம் தொலைபேசியில் கேட்டார். தவிர்க்க முடியாத தேவைக்குப் பகலில் வெளியே போய் மாலைக்குள் வீடு திரும்பலாம், அதில் குற்றமில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். அஸ்மியா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“மௌலவி சொன்னது சரிதான்,” என்றார் றுக்கியா. “ஆனா மௌலவி எங்கட ஒழுங்கையில இல்லையே. றுவைஸ்ட உம்மா ரெண்டு வீட்டுக்கு அங்கால இரிக்கிறா. மகன் மௌத்தாகி நாலு மாசம் ஆகயில்ல, மருமகள் ஆடு பாக்க ரோட்டில நிக்கிறாள் எண்டு அவ காதில விழணுமா?”

மாமி கெட்டவர் அல்லர்; மகனை நினைத்து ஒவ்வொரு நாளும் அழுபவர். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரோடு சண்டையாவது பிடித்திருக்கலாம். கதவு பூட்டப்படவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆயினும் அவளால் வெளியே போக முடியவில்லை. புதன்கிழமை முழுவதும் அவள் பென்சிலைத் தொடவேயில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை, ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு அஸ்மியா எழுந்து வந்தாள். உம்மா ஹோலில் இருந்த கதிரைகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார். பாயும் விரிப்பும் சுருட்டி அலுமாரியின் மேல் ஏற்றப்பட்டிருந்தன.

“என்ன உம்மா செய்யிறீங்க?”

“ஆடு வெளியில போகக்கூடாது. நீயும் போகக்கூடாது. கயிறும் இரிக்கக்கூடாது. அப்ப ஹோலுக்குள்ள விடுறதுதானே? நாலு நாளா எனக்கும் இது உறைக்கயில்ல.”

அவர் முன்கதவைப் பூட்டினார். ஆட்டை உள்ளே கொண்டுவந்து பின்கதவையும் சாத்தினார். அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தமது இடுப்பில் சுற்றிக்கொண்டார். பிறகு, கையில் விளக்குமாற்றுடன் ஒரு மூலையில் அமர்ந்தார்.

அசையும் பிராணியை வரைபவர் ஒரே உருவத்தை முடிக்க நினைத்தல் கூடாது. ஒரு தாளில் நாலைந்து உருவங்களைத் தொடங்கி வைக்க வேண்டும். பிராணி முன்பு நின்ற நிலைக்குத் திரும்பும்போது பாதியில் விட்ட கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அஸ்மியா அவ்வாறே செய்தாள். ஆடு கதிரையில் ஏறியது, இறங்கியது, அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த ஆட்டை முட்டப் பார்த்தது. நாட்காட்டியில் இரண்டு மாதங்களைத் தின்றது.

“தின்னட்டும்,” என்றார் றுக்கியா. “மாசம் கெதியாப் போகும்.”

நூற்றொன்பது நாள்களில் முதன்முறையாக அஸ்மியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. உம்மா எழுந்து வரவில்லை; “கடதாசி நனையும், தள்ளிப் பிடி” என்று மட்டும் சொன்னார். ஏழாம் தாளின் ஓரத்தை ஆடு கடித்தது. அதை எறிந்துவிட்டு வேறொன்று தொடங்கினாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பத்துத் தாள்களும் முடிந்தன. ஹோல் முழுவதும் புழுக்கையும் மூத்திர நாற்றமுமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நஸ்ரி தாள்களைக் கொண்டு போனார். பிற்பகலில் பிரசாந்தினி அழைத்தார்.

“பதினொண்டரைக்குக் கிடைச்சுது, பதிவாகிட்டுது. பயப்பிடாதையும். இந்த முறை கழுத்து லேசா இருக்கு, நாலு காலும் தன்ர பாட்டுக்கு நிக்குது. ஒண்டு கேக்கட்டே? எல்லாத் தாளிலயும் ஆடு ஏன் ஒரே பக்கத்தைப் பாக்குது?”

“அங்கதான் மிஸ் முன்கதவு.”

“சரி அம்மா. அடுத்த தவணையில சந்திப்பம்,” என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்தார்.

றுக்கியா அப்பொழுது ஹோலை மூன்றாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“எடுத்திட்டா உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ். பிறகென்ன, மூஞ்சை ஏன் இப்பிடி வச்சிரிக்கிறாய்?”

“இன்னும் பதினெட்டு நாள் இரிக்கே.”

“பதினேழு,” என்றார் உம்மா, துடைப்பத்தை நிறுத்தாமல். “பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் பதினேழு. நானும்தான் எண்ணுறன்.”