வடக்கு பார்த்த மலை

டிக்கெட் விற்பது சுலபம். விமானம் கிளம்பாவிட்டால் பழி விமானத்தின் மேல். ஏப்ரல் மாதத்தில் பனி விற்றுப் பாருங்கள், உருகினால் பழி உங்கள் மேல்தான். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் கையில் இல்லாத ஒன்றுக்காகத் திட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் இது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் சான்டா கிளாராவில் நம்மவர் ஒருவரின் சின்ன டிராவல் ஏஜென்ஸியில் இருந்தேன். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதுதான் முதல் சம்பள வேலை. முதலாளி சேகர் மெட்ராஸ் டிக்கெட் பார்ப்பார். ஏப்ரல் பள்ளி விடுமுறையான ஸ்ப்ரிங் பிரேக்கில் தாஹோ ஏரிப் பக்கத்துப் பனிச்சறுக்கு மலைகளுக்குக் குடும்பங்களை அனுப்புவது என் பாகம். ஜெபத்தில் பனியை 'உறைந்த மழை' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள், அதைக் கண்ணால் பார்க்குமுன்பே விற்கத் தொடங்கினேன்.

சேறு

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. எது பக்கமோ, எது மலிவோ, அதைத் தேர்ந்தெடுத்தேன். போனில் கேட்டால் "கிரேட் ஸ்ப்ரிங் கண்டிஷன்ஸ்" என்றார்கள். பனி உருகுகிறது என்பதற்கு அது நாகரிகப் பெயர் என்று தெரியாமல் நானும் ஸ்தோத்திரம் சொல்லி, எங்கள் பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கும் வித்யா, முரளி தம்பதிக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் அங்கேயே ரூம் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வித்யா நேராக ஆபீசுக்கு வந்துவிட்டாள். கூடவே மகள், காலில் புது பூட்ஸ், அதில் முழங்கால்வரை காய்ந்த சேறு. "மம்மி சொன்ன ஸ்னோ எங்கே ஆன்ட்டி? திஸ் இஸ் ஜஸ்ட் மட்!" என்றது குழந்தை. வித்யா சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "புல்லு பார்க்கணும்னா எங்க டப்ளின் மலையே போதுமே ஆன்ட்டி, அதுக்கு எதுக்கு நாலரை மணி நேரம் டிரைவ் பண்ணணும்?"

அவர்கள் போனதும் சேகர் நாற்காலியைத் திருப்பினார். அவருக்குக் கோபம் வராது, அதுதான் பயம். "அக்கா, அடுத்த வருஷம் இன்னொரு தடவ பாக்கலாம். அப்பவும் சேறுன்னா பனி வேணாம், ஆளும் வேணாம். டிக்கெட்டுக்கு நான் ஒருத்தனே போதும்."

வாசல் எந்தப் பக்கம்?

ஆளும் வேணாம் என்றது நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஜெபித்தேன். பதில் துணி காயப்போடும் கொடியில் வந்தது. வீட்டின் தெற்குப் பக்கம் போட்ட துணி மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். வடக்குச் சுவர் ஓரம் போட்டது சாயங்காலமும் சொதசொத. துணிக்கு அப்படியென்றால் பனிக்கு?

அதற்குப் பிறகு ஒவ்வொரு மலைக்கும் போன் போட்டு, "பனி இருக்கா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். கார் நிறுத்துமிடமே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? சரிவு எந்தத் திசை பார்க்கிறது? போன வருஷம் எந்தத் தேதிவரைக்கும் ஆளை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்ட் ஓடியது? இது மூன்றும்தான் கேள்வி. சிலர் போனை வைத்தார்கள். நான் விடாமல் மறுபடி போட்டேன். கடைசியில் ஒரு மலை கிடைத்தது. உயரம், பாதிச் சரிவு வடக்கு பார்த்தது, ஏப்ரல் முழுக்க லிஃப்ட் ஓடும். ஆனால் தூரமும் கூட, விலையும் கூட.

சேகர் என் ஆங்கிலத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "நம்ம ஜனம் கிழக்கு பார்த்த வீடு கேட்டு ஏஜென்ட் உயிர வாங்குது. நீங்க வடக்கு பார்த்த மலை கேட்டு வாங்குறீங்க. நடத்துங்கக்கா."

ஏரி தெரியுமா?

இனி அந்த மலையை விற்க வேண்டுமே! ஏரிக்கரையில் ரூம் கேட்டவர்களிடம், "ஏரி கீழே இருக்கும், பனி மேலே இருக்கும், ரெண்டில் ஒன்று சொல்லுங்கள்" என்று கறாராகவே பேசினேன். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு தம்பி அரை மணி நேரம் உயரம், திசை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சரி, இவராவது புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "பனி முன்னபின்ன இருந்தாலும் பரவால்ல ஆன்ட்டி, ரூம்ல ரைஸ் குக்கர் வைக்க விடுவாங்களா?"

தயிர்

வித்யாவை நானே கூப்பிட்டேன். "இந்தத் தடவை எல்லாருக்கும் சேர்த்து ஒரு பஸ் பேசியிருக்கேன், நானும் உங்ககூட வர்றேன்ம்மா. பனி இல்லேன்னா என்னைத் திட்டுறதுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்" என்றேன். ஒத்துக்கொண்டாள். முரளிதான் மறுநாள் போன் செய்தார்: "சனிக்கிழமை கிழக்கே சூலம் ஆன்ட்டி. மலையும் கிழக்கேதான். ஞாயித்துக்கிழமை கெளம்பலாமா?"

ரூம் சனி இரவுக்கு மட்டும்தான். அதோடு ஏப்ரல் பனி உச்சிவெயில் வரைக்கும்தான் பனி, அதற்குமேல் கஞ்சி. எல்லாரும் விடியுமுன் கிளம்பியே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் சூலம் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு அய்யர் மாமி சனிக்கிழமை கிழக்கே போகிறவருக்குச் சூலத்துக்குப் பரிகாரமாகத் தயிர் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேற்கே என்றால் வெல்லம். முரளியின் நம்பிக்கை அவருக்கு; எனக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

சனிக்கிழமை இருட்டோடு பஸ் வாசலில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் கப் தயிர் கொடுத்தேன். ஞாயிறு மேற்கே திரும்புவதற்கு வெல்லமும் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். முரளி கப்பை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "ஆன்ட்டி, நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே?"

மேலே

சேகரும் வந்திருந்தார். வழியெல்லாம் மழை. பாதி மலை ஏறியதும் போன வருஷத்து இடம் வந்தது. லிஃப்ட் நாற்காலிகள் பழுப்புச் சேற்றுக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. வித்யா ஜன்னலைப் பார்த்தாள். சேகர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, வேலை போனால் போகட்டும், இந்தக் குழந்தைக்குச் சேறு வேண்டாம்.

பஸ் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் மழைச் சத்தம் நின்றதை நான்தான் முதலில் கவனித்தேன். கண்ணைத் திறந்தால் மழை பஞ்சாகிவிட்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் வடக்கு பார்த்த சரிவு முழுக்க வெள்ளை, வேட்டி விரித்த மாதிரி. முதல் தடவை பார்க்கிறேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தேன். குழந்தை பஸ் நிற்குமுன்பே கத்தத் தொடங்கிவிட்டது.

சேகர் எழுந்து வந்து காதோரம், "அடுத்த வருஷத்துக்கு ரூம் இப்பவே பேசிருங்கக்கா" என்றார். நான் தலையாட்டிவிட்டு வித்யாவைத் தேடினேன். அவள் சுடிதாருக்கு மேலே முரளியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் பனியில் புதைய, பற்கள் தந்தியடிக்க நின்றிருந்தாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பக்கத்தில் போனேன். "எல்லாம் சூப்பர்தான் ஆன்ட்டி. ஆனா இவ்ளோ குளிரும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

பனியைத் தேடிப் பிடித்துக் கொடுக்க நான் ஜெபித்துப் போராடித் தேறிவிட்டேன். அதைச் சுடவைத்துக் கொடுக்கும் வித்தை மட்டும் எனக்கு இன்னும் அருளப்படவில்லை.